தெரிந்தும் செய்யும் கை

பிரசவ வார்டில் நான் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை சவரம். குழந்தை பிறப்பதைப் பார்க்கப்போகிறோம் என்ற படபடப்போடு போயிருந்த மாணவியிடம் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு கிட்னி ட்ரேயை நீட்டினார். சோப்புத் தண்ணீர், பஞ்சு, இரண்டாக ஒடித்த பிளேடின் ஒரு பாதி, அதைக் கவ்விப் பிடிக்க ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். வார்டு மொழியில் இதற்கு 'பார்ட்ஸ் பிரிப்பரேஷன்' என்று பெயர். உடம்பை 'பார்ட்ஸ்' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாகிவிடுகிறது. அது முடிந்ததும் எனிமா, அப்புறம்தான் லேபர் டேபிள்.

கட்டிலில் படுத்திருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். வலி ஏறும்போது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். இறங்கும்போது கண்ணைத் திறந்து என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். மறைப்புத் திரை இல்லை. பக்கத்துக் கட்டில் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அங்கே கிடைத்த மறைப்பு அது ஒன்றுதான். வலி ஓய்ந்த ஒரு இடைவெளியில் இவர் கேட்டார்: "இது எதுக்குங்க சிஸ்டர்?"

"இன்ஃபெக்‌ஷன் ஆகாம இருக்கத்தான்மா. அசையாம இருங்க."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பல ஆண்டுகள் கழித்து நான் ஆசிரியராகி, 'எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ்' பாடத்துக்கு உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதில் 1922-இலேயே அச்சாகியிருந்தது தெரிந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடால் என்ற இருவர் பிரசவத்துக்கு முன் சவரம் செய்யப்பட்ட பெண்களையும் செய்யப்படாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொற்றில் வித்தியாசம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சவரத்துக்குச் சாதகமாக எதையும் சொல்லவில்லை. பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப்போகும், முடி மறுபடி வளரும்போது அரிப்பும் எரிச்சலும் படுத்தும் என்பதுதான் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் வழக்கமான சவரமும் வழக்கமான எனிமாவும் வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன.

இதுவரை சொன்னது அறியாமையின் கதை. அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. எனக்கு உறுத்துவது அடுத்த பகுதி. தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. காலை பத்து மணிக்கு வகுப்பறையில் சான்று சார்ந்த நடைமுறை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதினேன். மதியம் அதே மாணவிகளை வார்டுக்கு அழைத்துப்போய், அவர்கள் பிளேடு பிடிக்கும் கோணம் சரியா என்று பார்த்தேன். சீஃப் டாக்டரின் உத்தரவு அது. யூனிட்டின் வழக்கம் அது. நாங்களோ வேறொருவருடைய வார்டுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள்.

வேண்டாதது என்று தெரிந்தே ஒன்றை இன்னொரு பெண்ணின் உடம்பில் செய்கிற கை யாருடையது? உத்தரவு போட்டவருடையதா, செய்தவளுடையதா? இந்தக் கேள்வியோடுதான் செவிலியர்களின் 'சான்று சார்ந்த நடைமுறை'யைப் பற்றிப் பேச முடியும் என்று நினைக்கிறேன். வழக்கமாக அதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி மட்டும் வருவதே இல்லை.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தப் பெயர் பரவியது. பெரியவர் சொன்னார், வழக்கம் இது, என் அனுபவத்தில் இப்படி என்பவை மட்டும் போதாது, நல்ல ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்துச் செய் என்பதுதான் சாரம். டேவிட் சாக்கெட்டும் மற்றவர்களும் 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதற்கு விளக்கம் எழுதினார்கள். ஆய்வுச் சான்று, சிகிச்சை தருபவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. மாணவிகள் இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூன்றாவதை வார்டில் பார்த்த மாணவி யாரையும் எனக்குத் தெரியாது.

இது மருத்துவர்களிடமிருந்து செவிலியர்களுக்கு இறங்கிவந்த அறிவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் மோனா ராம்னி 1980-இல் சவரத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே இது நியாயமற்ற தாக்குதலா என்ற கேள்வி இருந்தது. 'பார்ட்ஸ் பிரிப்பரேஷன்' என்று நாங்கள் பழகிய சொல்லுக்குப் பக்கத்தில் 'தாக்குதல்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு அவரும் இன்னொருவரும் எனிமாவைப் பற்றி எழுதினார்கள்.

ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சி இன்னும் ஒரு படி மேலே போனார். பிரசவத்தின்போது பிறப்புவழியைக் கத்தரியால் வெட்டி அகலப்படுத்தும் எபிசியாட்டமி எத்தனை பேருக்கு உண்மையிலேயே தேவை என்பது அவருடைய கேள்வி. இங்கிலாந்தின் மேற்கு பெர்க்‌ஷயரில் 1000 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. முடிந்தவரை வெட்டாமல் விடு என்று சொல்லப்பட்ட பிரிவில் 10 சதவீதத்தினருக்கு வெட்டு விழுந்தது, தாராளமாக வெட்டலாம் என்ற பிரிவில் 51 சதவீதத்தினருக்கு. குழந்தைகளின் நலனிலோ தாய்மார்களின் வலியிலோ வித்தியாசம் இல்லை. வெட்டாமல் விட்ட பிரிவில் தையலே தேவைப்படாமல் எழுந்து போன பெண்கள் அதிகம். தையலோடு உட்கார முடியாமல், சாய்ந்தபடி பால் கொடுக்கும் பெண்களை நம் வார்டுகளில் பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் எடை புரியும். உலகமெங்கும் பாடப்புத்தகங்களை மாற்றவைத்த ஆய்வுகளில் இது ஒன்று. அதை நடத்தியவர் மகப்பேறு வார்டில் டியூட்டி பார்த்த ஒரு பெண்.

அனுபவம் எப்போதும் சரி, ஆய்வு வெளியிலிருந்து வந்த அதிகாரம் என்று சொல்ல வருகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுபவம் நன்றாகவே தவறு செய்யும். படுக்கைப் புண்ணுக்கு என்னென்னவோ தடவிப் பார்த்த தொழில் எங்களுடையது. நாங்கள் படித்த காலத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்ப்பது ஒரு கலை. எலும்பு துருத்தும் இடத்தை அழுத்தித் தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் நசுங்கும் என்று யாரும் சொல்லவில்லை. டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1962-இல் முதியோர் வார்டு ஆய்வை வெளியிட்டார்கள். எந்தக் களிம்பும் முக்கியமில்லை, ஆளை நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதுதான் முக்கியம் என்று காட்டியது அந்த ஆய்வு. களிம்பு தடவ ஒரு கை போதும். நினைவில்லாமல் கிடக்கும் ஓர் ஆளைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும், இரவிலும் வேண்டும். இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன், பிறகு திரும்பி வருவேன்.

முதுநிலைச் செவிலியர் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். தமிழ்நாட்டின் கல்லூரி நூலகங்களில் அவை சுவர் சுவராக அடுக்கியிருக்கும். அவற்றில் ஒரு பெரும் பகுதியின் தலைப்பு ஒரே அச்சில் வார்த்தது: இன்ன விஷயத்தில் செவிலியர்களின் அறிவும் மனப்பாங்கும், அதன் மீது ஒரு கற்பித்தல் திட்டத்தின் பயன். முதலில் ஒரு கேள்வித்தாள், நடுவில் நாற்பது நிமிட வகுப்பு, கடைசியில் அதே கேள்வித்தாள். மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் என்ன செய்யும்? நானே அப்படி ஒன்றை எழுதிப் பட்டம் வாங்கியவள். அதனால் கேலி செய்ய எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 'சான்று சார்ந்த நடைமுறை பற்றிச் செவிலியர்களின் அறிவு' என்பதும் இப்போது அப்படி ஒரு தலைப்பாகிவிட்டது. இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரு முன்முடிவிலிருந்து தொடங்குகின்றன: குறை செவிலியரின் தலைக்குள் இருக்கிறது, நிரப்பினால் சரியாகிவிடும்.

அமெரிக்காவில் ஃபங்க் என்பவரும் சகாக்களும் 1991-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஆய்வில் படித்ததை வார்டில் செய்யவிடாமல் உங்களைத் தடுப்பது எது என்று செவிலியர்களிடமே கேட்டார்கள். முன்னால் வந்து நின்ற பதில், பராமரிப்பு முறையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்பது. அதற்கடுத்து நேரம் இல்லை என்பது. அதே கேள்விப் பட்டியலைப் பல நாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிகாரமும் நேரமும் திரும்பத் திரும்ப மேலே வருகின்றன. அதிகாரமின்மைக்கு நாற்பது நிமிட வகுப்பு மருந்தாகாது.

அதிகாரம் இல்லாத இடத்தில் அறிவு எப்படி உயிர்வாழ்கிறது என்பதற்கு எல்லா வார்டிலும் ஒரு நாடகம் உண்டு. லெனர்ட் ஸ்டீன் என்ற மனநல மருத்துவர் 1967-இல் 'டாக்டர்-நர்ஸ் விளையாட்டு' என்று அதற்குப் பெயர் வைத்தார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னது போலத் தெரியக்கூடாது. மருத்துவர் அதைக் கேட்க வேண்டும், ஆனால் கேட்டது போலத் தெரியக்கூடாது. நம் ஊர் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "சார், எட்டாம் நம்பர் பெட்டுக்கு டிரிப் இறங்கவே மாட்டேங்குது, கை வீங்கியிருக்கு, நீங்க ஒரு தடவை பாத்தீங்கன்னா..." ஊசியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நேற்று வந்த ஹவுஸ் சர்ஜனுக்குத் தெரியாது. ஆனாலும் வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார். முடிக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு. மாமியார் வீட்டில் யோசனை சொல்லிப் பழகிய பெண்களுக்கு இந்த இலக்கணத்தைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதில் உள்ள அநீதி என்ன வகையானது? ஆங்கிலேய மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் எழுதிய நூல் ஒன்று இதற்குச் சரியான சொல்லைத் தருகிறது. ஒருவர் சொல்வதை, அவர் யார் என்பதை வைத்தே குறைத்து நம்புவது, அறிபவர் என்ற நிலையிலேயே அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்கிறார். சம்பளத்தைக் குறைப்பது ஒரு அநீதி. சொல்லின் மதிப்பைக் குறைப்பது வேறொன்று, இன்னும் உள்ளே போவது. பல ஆண்டுகள் சொல் மதிக்கப்படாமல் போனால் ஒரு கட்டத்தில் அவளே தன் சொல்லை நம்புவதை நிறுத்திவிடுகிறாள். "நமக்கெதுக்கு மேடம், ஆர்டர் போட்டிருக்காங்க" என்று என்னிடம் சொன்ன சிஸ்டர்கள் பலர். சோம்பேறித்தனம் என்று அதை எடுத்துக்கொண்ட காலம் எனக்கு உண்டு.

எங்கள் தொழில் தொடங்கிய விதமே இதற்கு ஒரு சாட்சி. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கோடு நிறுத்திவிட்டோம். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயாலேயே அதிகம் செத்தார்கள் என்று எண்ணி, வரைபடம் போட்டு, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண். ஆனால் கல்லூரிகளில் நாம் விளக்கேற்றும் விழாதான் நடத்துகிறோம். அந்த விழாவில் மாணவிகள் எடுக்கும் உறுதிமொழி அவர் பெயரில் இருக்கிறது, எழுதியவர் அவர் அல்ல. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. மருத்துவரின் பணிக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்ற வாக்கு அதில் வருகிறது. எண்ணியவளை மறந்து, ஏந்தியவளை நினைவில் வைத்தோம்.

உத்தரவும் வழக்கமும் போகட்டும். பொருள்? மூக்கு வழியாக வயிற்றுக்குள் போடும் ரைல்ஸ் ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றை உள்ளே செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது நம் வழக்கம். ட்யூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே மாதிரி சத்தம் கேட்கலாம். அதனால் இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-இலேயே இந்த முறையை நம்பக்கூடாது, உறிஞ்சியெடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைக் காகிதத்தில் சோதியுங்கள் என்று அறிவித்தது. நான் இதை வகுப்பில் சொன்னேன். ஒரு பழைய மாணவி, மாவட்ட மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், போனில் சொன்னார்: "மேடம், அந்தப் பேப்பருக்கு மூணு தடவை இன்டென்ட் போட்டேன். லிஸ்ட்லயே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." இப்போதும் அவர் காற்றடித்துத்தான் கேட்கிறார். முன்பு நம்பிக்கையோடு கேட்டார், இப்போது பயத்தோடு கேட்கிறார். நான் அவருக்குக் கொடுத்தது அறிவா, பயமா என்று எனக்கே சந்தேகம்.

இனி நார்ட்டனிடம் திரும்புகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது சான்று. ஐம்பது பேர் படுத்திருக்கும் வார்டில் இரவு டியூட்டிக்கு ஒரே செவிலியர் இருந்தால் அந்தச் சான்றை அவர் என்ன செய்வார்? ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, குதிகாலுக்கு அடியில் வைப்பார். அதுவும் வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கையுறை எனக்கு அறியாமையாகத் தெரியவில்லை. இல்லாத இன்னொரு செவிலியரின் இடத்தில் அது கிடக்கிறது.

எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதற்கும் சான்று இருக்கிறது. நல்ல, கனமான சான்று. லிண்டா எய்க்கன் என்ற செவிலியர்-ஆய்வாளர் 2002-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சை நோயாளிகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் செவிலியர்-நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது. நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நோயாளியாகவோ துணைக்கோ எந்தப் பெரிய மருத்துவமனைக்காவது போயிருப்பீர்கள். எண்ணிப் பாருங்கள்.

கைகழுவும் ஏழு படிகளை விளக்கும் படம் எல்லா வார்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அது சான்று. எய்க்கனின் 7 சதவீதம் எந்தச் சுவரிலும் இல்லை. அதுவும் சான்றுதான். செவிலியரின் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சான்று உடனே சுற்றறிக்கையாகிறது, ஆடிட் ஆகிறது, தவறினால் மெமோ ஆகிறது. நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சான்று மட்டும் 'கோரிக்கை' ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். சம்பளப் பிரச்சினை என்றே அது செய்தியானது. சம்பளப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் நிலையான, போதுமான எண்ணிக்கையில், ஓய்வெடுத்த செவிலியர்கள் இருந்தால் நோயாளிகள் பிழைக்கிறார்கள் என்ற மருத்துவச் சான்றும் அந்த வளாகத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தது. சான்று சார்ந்து நடங்கள் என்று செவிலியரிடம் சொல்லும் உரிமை, அதே விதிக்குத் தானும் கட்டுப்படுகிற நிர்வாகத்துக்குத்தான் உண்டு.

இவ்வளவும் எழுதியபின் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செய்ய முடியாததைச் செய்யாததற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பது அறவியலின் பழைய பாடம். அதைக் கேடயமாக எடுத்துக்கொண்டு நான் ஒதுங்கிவிடலாம். ஆனால் முடியாததற்கும் முடிவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அன்று சவரத்தை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருக்க முடியும். பிளேடுக்குப் பதிலாகக் கத்தரிக்கோல் போதுமா என்று கேட்டிருக்க முடியும். வலி ஏறும்போது கையை எடுத்திருக்க முடியும். 'அசையாம இருங்க' என்று சொல்லாமல் இருந்திருக்க முடியும். இவற்றுக்கு சீஃப் டாக்டரின் அனுமதி தேவையில்லை.

பெண்ணியவாதிகளாக நாம் செவிலியரைப் பற்றிப் பேசும்போது சறுக்குகிற இடம் இது. மேலே பார்த்தால் அவர் ஒடுக்கப்பட்டவர். கீழே பார்த்தால், லேபர் டேபிளில் கால்களைக் கட்டிப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அவர்தான் அரசாங்கம். "அன்னிக்குத் தெரியலையா" என்று தொடங்கும் அந்த வசவைக் கேட்காமல் பெற்றெடுத்த ஏழைப் பெண்கள் நம் தலைமுறையில் குறைவு. தொடையில் விழும் அடியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பிரசவத்தின்போது நடக்கும் அவமதிப்பையும் வன்முறையையும் கண்டித்து 2014-இல் தனியாக அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. தன் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் நின்றுகொண்டிருப்பவர், தன்னைவிடச் சொல் மதிப்பு குறைந்த ஒருத்தியைக் கண்டுபிடித்துவிடுகிறார். சாதி எப்படி நகர்கிறதோ அப்படியே இதுவும் படிப்படியாக இறங்குகிறது, கடைசிப் படியில் கூட்டிப் பெருக்கும் ஆயா வரை.

சாக்கெட் சொன்ன மூன்றில் மூன்றாவது, நோயாளியின் விருப்பம். அதை அலங்காரத்துக்குச் சேர்த்தது என்று எண்ண வேண்டாம். 1840-களின் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேறு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதலாவதில் ஏறத்தாழப் பத்துத் தாய்மார்களுக்கு ஒருவர் செத்தார். இரண்டாவதில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. பிணவறையிலிருந்து கையைச் சரியாகக் கழுவாமல் மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வெய்ஸ் 1847-இல் கண்டறிந்தார். இந்தக் கதையில் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அவருக்கு முன்பே வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று மண்டியிட்டு அழுதார்கள். உள்ளே போவதைவிடத் தெருவில் பெற்றுக்கொள்வதே மேல் என்று இருந்தவர்களும் உண்டு. அது மூடநம்பிக்கையாகவும் பெண்களின் பயமாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதைச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

வாய்ச்சொல்லைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990-இல் தொடங்கிய அவசரக் குழு முறையில், நோயாளியின் நாடித்துடிப்பு இவ்வளவுக்கு மேல், மூச்சு இவ்வளவுக்குக் கீழ் போனால் குழுவை அழைக்கலாம் என்று பட்டியல் வைத்தார்கள். அந்த வகை முறைகள் பரவியபோது பட்டியலில் இன்னொரு வரியும் இடம்பிடித்தது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், நோயாளியைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது என்று செவிலியருக்குத் தோன்றினால் அதுவே போதும், அழைக்கலாம். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டிய விளையாட்டு அங்கே தேவைப்படவில்லை. "இது எதுக்குங்க சிஸ்டர்?" என்று கேட்ட பெண்ணின் கவலைக்கும் அப்படி ஒரு வரி எந்தப் பட்டியலிலாவது வேண்டும்.

மாணவிகளுக்குப் பிரசவப் பதிவேடு என்று ஒரு ரெக்கார்டு புத்தகம் உண்டு. பார்த்த பிரசவம், உதவிய பிரசவம், எடுத்த பிரசவம் எல்லாவற்றையும் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த பக்கத்தில், 'பார்ட்ஸ் பிரிப்பரேஷன்' கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: கேட்டேன், வேண்டாம் என்றார், செய்யவில்லை.

நான் அதை இரண்டு முறை படித்தேன். கேட்டேன் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் நான் அதுவரை பார்த்திராதது. "யாரைக் கேட்டே?" என்றேன். "அந்த அக்காவைத்தான் மேடம்" என்றாள், வேறு யாரைக் கேட்பார்கள் என்பது போல.

கையெழுத்துப் போட்டேன். அவள் போனபிறகு, அறையின் மறுமூலையில் இன்டென்ட் எழுதிக்கொண்டிருந்த இன்சார்ஜ் சிஸ்டர் தலையைத் தூக்காமலே சொன்னார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எத்தனையோ இரவுகளில் அந்த வார்டைத் தனியாகத் தாங்கியவர்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவீங்க மேடம். நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ்ல சீஃப் முன்னாடி நான்ல நிக்கணும்."

நாளைக் காலை நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்டென்ட்டில் பிளேடு என்று எழுதியிருந்த இடத்தில் எண்ணிக்கையை நிரப்பாமல் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார்.